ஜகாத் என்பது 'ஏழை வரி' ஆகுமா?

நோன்பு மாதம் பிறந்துவிட்டால், தொண்டி முதல் கீழக்கரை, ஏர்வாடி வரை இராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் சுவரொட்டிகளிலும் துண்டறிக்கைகளிலும் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளில் ஒன்றான ஜகாத்துக்குத் தமிழாக 'ஏழை வரி' என்ற சொல் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'ஏழை வரியைக் கணக்கிட்டுச் செலுத்துவீர்' என்பார்கள். நாளிதழ்கள் அதை எடுத்து ஆள்கின்றன. இஸ்லாம் வறுமையை ஒழிக்கக் காட்டும் வழிகளைப் பற்றிய கட்டுரைகளை மொழிபெயர்ப்போரும் ஜகாத் என்ற சொல் வரும் இடமெல்லாம் இதையே போடுகிறார்கள். போன ரமலானில் ஒரே துண்டறிக்கையில் ஐந்து இடங்களில் இதைப் படித்த பிறகு, இதைப் பற்றி எழுதியே தீர்வது என்று முடிவு செய்தேன்.

முதலில் சொற்பிறப்பு. ஜகாத் என்ற அரபுச் சொல்லின் வேர் வளர்தல், செழித்தல், தூய்மையாதல் ஆகிய பொருள்களைத் தரும். பயிர் தழைப்பதற்கும் அதே வினைதான். கலைச்சொல்லாக வரும்போது, குறித்த அளவுக்கு மேல் ஓராண்டு கையில் தங்கிய செல்வத்திலிருந்து உரியவர்களுக்குக் கொடுத்தே ஆகவேண்டிய பகுதியை அது குறிக்கும். அந்த அளவு தங்கமானால் ஏறத்தாழ 85 கிராம், வெள்ளியானால் 595 கிராம். கொடுக்க வேண்டியது நாற்பதில் ஒன்று, அதாவது 2.5 விழுக்காடு. மானாவாரி விளைச்சலில் 10 விழுக்காடும், நீர் இறைத்து விளைவித்ததில் 5 விழுக்காடும் அறுவடையின்போதே கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் இது 'சக்காத்து' ஆகும். மராத்தியிலோ இதே சொல் நகர எல்லையில் சரக்கு வண்டியை நிறுத்தி வாங்கிய சுங்கத்துக்குப் பெயராகி, அந்தச் சாவடிக்கு 'ஜகாத் நாக்கா' என்று பெயர் வந்தது. வரி என்ற பொருள் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இனி 'ஏழை வரி'க்கு வருவோம். தமிழில் வரி என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கும் பெயர் பெரும்பாலும் எதன்மீது அல்லது யார்மீது அந்த வரி விழுகிறது என்பதையே காட்டும். வீட்டு வரி வீட்டின்மீது, தொழில் வரி தொழிலின்மீது விழுகிறது. பழைய சாசனங்களைப் பார்த்தாலும் தறியிறை தறிக்கும் செக்கிறை செக்குக்கும் விதித்தவை. தட்டார்ப்பாட்டம் தட்டார் கட்டியது. இந்த வழக்கின்படி 'ஏழை வரி' என்றால் ஏழை கட்டும் வரி என்றுதான் காது கேட்கிறது. 'நூலக வரி' என்று சொல்கிறோமே, அது நூலகம் கட்டும் வரியா என்று கேட்பவர்கள் உண்டு. நூலகம் வரி கட்டாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே அங்கே மயக்கம் எழுவதில்லை. ஏழை வரி கட்டுகிறான். தீப்பெட்டி வாங்கும்போதுகூடக் கட்டுகிறான். ஆகவே இங்கே மயக்கம் எழுகிறது. வேற்றுமை உருபை விரித்து 'ஏழைக்கு வரி' என்று படிக்கலாமே என்று ஒரு தமிழாசிரியர் வாதிட்டார். 'வணிகருக்கு வரி' என்று செய்தி வந்தால் வணிகருக்குப் பணம் கொடுக்கப்போகிறார்கள் என்றா பொருள்? விரித்தால் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

இலக்கணத்தை விட்டுவிட்டுப் பொருளை எடுத்துக்கொண்டாலும் இந்தச் சொல் நிற்பதில்லை. வரி என்போர் பக்கத்தில் ஒரு வலுவான வாதம் இருப்பதை மறுக்க முடியாது. நபிகளார் மறைந்த பின் ஜகாத்தைக் கொடுக்க மறுத்த குலங்களின்மீது முதல் கலீஃபா அபூபக்கர் படை எடுத்தார். அதைத் திரட்டும் அலுவலர்களுக்கு அதிலிருந்தே ஊதியம் தரலாம் என்று குர்ஆன் அனுமதிக்கிறது. அரசு திரட்டியது என்பது உண்மைதான். ஆனால் அரபு மொழியில் வரிக்குச் சொல் இல்லாமலா போயிற்று? நிலவரிக்குக் கராஜ் என்றும், சந்தைச் சுங்கத்துக்கு மக்ஸ் என்றும், பொதுவான வரிக்கு ளரீபா என்றும் தனித்தனிப் பெயர்கள் இருக்க, ஜகாத்தை அவற்றில் எதனாலும் அவர்கள் குறிக்கவில்லை. வரி கட்டுபவன் மனத்துக்குள் திட்டிக்கொண்டே கட்டினாலும் கணக்குத் தீர்ந்துவிடும்; ஜகாத் வணக்கமாதலால் நிய்யத், அதாவது மனத்தில் கொள்ளும் எண்ணம், இல்லாமல் நிறைவேறாது. வருமான வரி கட்டிவிட்டேன் என்பதால் ஜகாத் நீங்குவதும் இல்லை. வரிப்பணத்தில் சாலை போடலாம், பாலம் கட்டலாம். ஜகாத் பணத்தைப் பள்ளிவாசல் கட்டுவதற்குக்கூடச் செலவிடக் கூடாது என்பதே பெரும்பாலான சட்ட அறிஞர்களின் முடிவு.

எங்கள் கடலிலிருந்தே இன்னொரு சான்று சொல்லலாம். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில் சேதுபதிகளும் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறிக் கை வைத்தார்கள். முத்து விளையும் கடல் கிடைத்தால் எந்த அரசும் முதலில் பார்ப்பது அதைத்தான். இஸ்லாமியச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோரோ கடலிலிருந்து எடுத்த முத்துக்கு, எடுத்தான் என்ற காரணத்தால் மட்டும் ஜகாத் இல்லை என்றார்கள். ஐந்தில் ஒன்று உண்டு என்ற பழைய சட்ட அறிஞர் அபூயூசுஃபின் கருத்து சிறுபான்மையாகவே நின்றது. அந்த முத்தை வாங்கி வணிகச் சரக்காக ஓராண்டு வைத்திருக்கும் மரைக்காயர்மீதுதான் கடமை வந்து சேர்கிறது, மூச்சடக்கி மூழ்கியவன்மீது அல்ல. வரியின் போக்கு இப்படி இருக்காது.

வரி வேண்டாம் என்றவுடன் மறுபக்கம் சாய்ந்து தானம், தர்மம், ஈகை என்று எழுதுவது அடுத்த பிழை. 'கட்டாய தர்மம்' என்று இரண்டையும் முடிச்சுப் போடுவோரிடம் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. ஈ, தா, கொடு என்ற மூன்றையும் தொல்காப்பியம் இரப்போனின் நிலையை வைத்துப் பிரிக்கிறது. ஈ என்பது தாழ்ந்தவன் கேட்பது, தா என்பது ஒப்பானவன் கேட்பது, கொடு என்பது உயர்ந்தவன் கேட்பது. ஈகை என்று எழுதிய கணத்தில் வாங்குபவனை ஒரு படி கீழே இறக்கிவிடுகிறோம். கீழக்கரைக்குச் சீதக்காதியால் வந்த பெருமை வள்ளன்மையின் பெருமை. அவர் கொடுக்காமல் இருந்திருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. ஜகாத் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. செல்வர்களின் பொருளில், கேட்போருக்கும் கேட்க முடியாமல் இருப்போருக்கும் அறியப்பட்ட உரிமை உண்டு என்று குர்ஆன் 70ஆம் அத்தியாயத்தில் சொல்கிறது. தம் தோழர் முஆதை யமனுக்கு அனுப்பியபோது, அந்நாட்டவரில் செல்வரிடமிருந்து எடுத்து அவர்களில் வறியவரிடம் 'திருப்பப்படும்' என்றே நபிகளார் சொன்னதாக நபிமொழி. திருப்புவது என்றால் ஏற்கெனவே அவருடையதாக இருந்ததைத் திருப்புவது.

எஞ்சியிருப்பது 'ஏழை'. அதுவும் பாதிதான் சரி. ஜகாத் பெறத் தக்கவர்களாக 9ஆம் அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது. அவர்களில் கடனில் அழுந்தியவரும் வழியில் பொருளின்றித் தவிக்கும் பயணியும் உண்டு. ஊரில் வீடு வாசல் உள்ள பயணியை ஏழை என்று எப்படிச் சொல்வது? முதல் இரு வகையினரான ஃபகீர், மிஸ்கீன் என்ற சொற்களை 'ஏழைகள், வறியவர்கள்' என்று எழுதிவிட்டு மொழிபெயர்ப்பாளர் நகர்ந்துவிடுகிறார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று அவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது.

வேறுபாடு உண்டு, எங்கள் கடற்கரை பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ சட்டமரபு அதைத் தெளிவாகவே சொல்கிறது. பத்து ரூபாய் தேவைப்படும் இடத்தில் இரண்டோ மூன்றோ மட்டும் உள்ளவன் ஃபகீர். ஏழோ எட்டோ இருந்தும் எட்டாதவன் மிஸ்கீன். இன்னொரு சட்டமரபான ஹனஃபியின் அறிஞர்கள் இதைத் தலைகீழாகக் கொள்வார்கள். ஷாஃபிஈகள் காட்டும் ஆதாரம், 18ஆம் அத்தியாயத்தில் மூசா நபியின் பயணக் கதையில் வருகிறது. 'அந்த மரக்கலம் கடலில் உழைக்கும் மிஸ்கீன்களுக்கு உரியது.' மரக்கலம் சொந்தமாக இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது, ஆனாலும் அவர்கள் மிஸ்கீன்கள். இந்த வசனத்துக்கு விளக்கம் வேண்டுமானால் பாம்பனிலோ வேதாளையிலோ கரையில் போய் நின்றால் போதும். நாட்டுப்படகும் வலையும் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும். எஞ்சினுக்கும் வலைக்கும் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார். வாங்கிய காரணத்தால் பிடித்த மீனை அவர் சொல்லும் விலைக்கே அவரிடம் போட வேண்டும். விசைப்படகில் போகிறவருக்கோ ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். இவர்களில் யாரும் தம்மை ஏழை என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். 'ஏழை வரி வழங்கப்படும்' என்ற அறிவிப்பைப் பார்த்து வரிசையில் வந்து நிற்கவும் மாட்டார்கள். சட்டப்படி அவர்களுக்கு உரியது, ஒரு தவறான சொல்லால் அவர்களிடம் போய்ச் சேராமல் நிற்கிறது.

சொல் மட்டும் கெட்டதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 'கொடுத்தால் தன்னிறைவு அடையும்படி கொடுங்கள்' என்பது கலீஃபா உமரின் கூற்று. தொழில் தெரிந்தவனுக்குக் கருவி வாங்கும் அளவும், வணிகம் தெரிந்தவனுக்கு முதல் போடும் அளவும் தரலாம் என்று ஷாஃபிஈ சட்ட நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அடுத்த ஆண்டு அவன் வாங்குபவனாக வராமல் இருக்க வேண்டும் என்பதே அவற்றின் கணக்கு. 'ஏழை வரி' என்று பெயர் வைத்தபின் நடப்பதோ நூறும் இருநூறுமாகப் பிரித்துக் கொடுப்பதுதான். வரி என்றால் கட்டித் தொலைத்துவிட்டு மறந்துவிடலாம் அல்லவா! இதே மொழிபெயர்ப்பாளர்கள்தாம் கர்ழு ஹஸன் என்பதை 'அழகிய கடன்' என்று எழுதுகிறவர்கள். குர்ஆன் வசனத்தில் அது இறைவனுக்குக் கொடுப்பதைச் சொல்லும் இடத்தில் அப்படி இருந்துவிட்டுப் போகட்டும். ஜமாஅத்தின் வட்டியில்லாக் கடன் திட்டத்துக்கும் 'அழகிய கடன்' என்று பலகை மாட்டுவது ஏன்? வட்டியில்லாமல் வாங்கித் திருப்பித் தருவதைத் தமிழன் எப்போதும் கைமாற்று என்றே சொல்லி வந்திருக்கிறான்.

அப்படியானால் ஜகாத்துக்குத் தமிழ் என்ன? நம் முன்னோர் எதைத் தமிழாக்கினார்கள், எதை அப்படியே விட்டார்கள் என்பதைக் கவனித்தால் விடை தெரியும். ஐந்து கடமைகளில் ஸலாத்தைத் தொழுகை என்றும், ஸவ்மை நோன்பு என்றும் தயக்கமின்றிச் சொன்னார்கள். தமிழில் அந்தச் செயல்கள் இருந்தன, சொற்களும் இருந்தன. கலிமாவையும் ஜகாத்தையும் ஹஜ்ஜையும் அரபிலேயே விட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் வராததால் அப்படிச் செய்தார்கள் என்று, தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் இலக்கியம் அறிந்த எவரும் சொல்லத் துணிய மாட்டார். வரி, தானம், ஈகை எல்லாம் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. பொருந்தாது என்று கண்டே தொடாமல் விட்டார்கள். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு. ஆனாலும் இங்கே ஜகாத் என்றே எழுதுவது முறை. ஸகாத்தா ஜகாத்தா என்று சண்டை பிடிப்போருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. 'சக்காத்து' என்று கிழவியர் சொல்வதும் எனக்கு உவப்பானதே.

அறியாத வாசகருக்கு அடைப்புக்குறிக்குள் ஒரு விளக்கம் தேவையென்றால் 'உரியோர் பங்கு' என்று கொடுக்கலாம். கரை திரும்பிய வள்ளத்தின் செலவு போக மிஞ்சியதை வள்ளத்துக்கும் வலைக்கும் ஆளுக்கும் பங்கு வைக்கும்போது, பங்கை வாங்குகிறவன் கும்பிட்டு வாங்குவதில்லை. குறைந்தால் கேட்கவும் செய்வான். உரியோர் என்றதில் எட்டு வகையினரும் அடங்குகிறார்கள். தூய்மை, வளர்ச்சி என்ற வேர்ப்பொருள் இதில் இல்லை என்பது குறைதான். அதற்காகவே ஜகாத் என்ற சொல் முதலில் நிற்க வேண்டும், இது அதன் பின்னால்தான் வர வேண்டும்.