பட் கேப்: மொட்டுக்கவசமா, மொட்டுறையா?

கடையில் கொத்தாக வாங்கும் ரோஜாவின் தலையில் வெள்ளை வலைத் துண்டு ஒன்று இறுக்கமாக மாட்டியிருக்கும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் அதற்குப் பெயர் 'பட் கேப்'. அதை மாட்டும் வேலை 'கேப் போடுறது'. மொட்டு சின்னதாக இருக்கும்போதே மாட்டி, அறுவடை, தரம் பிரித்தல், பெட்டி கட்டுதல் எல்லாம் முடிந்து பூ விற்பனைக்குப் போகும் வரை அப்படியே விட்டுவிடுவார்கள்.

இதைத் தமிழில் எழுத வருகிறவர்களுக்கு முதலில் தோன்றும் சொல் 'மொட்டுக்கவசம்'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கருவி செய்யாத வேலையைச் செய்வதாகச் சொல்கிற பெயர் அது. ஏன் என்று பார்க்குமுன் சொல்லைப் பிரித்துவிடலாம்.

ஆங்கிலத்தில் 'பட்' என்றால் பூமொட்டும் உண்டு, இலை துளிர்க்கும் கண்ணும் உண்டு. 'கேப்' லத்தீன் 'கப்பா'விலிருந்து வந்தது. தலையை மூடும் துணி என்பது அதன் பழைய பொருள். கொய்மலர் ரோஜா, அதாவது காம்போடு வெட்டி விற்கும் ரோஜா, பெருமளவில் விளையும் ஈக்வடாரிலும் கொலம்பியாவிலும் ஸ்பானிய மொழி. அங்கே பேச்சு வேறு. 'மாயா', அதாவது வலை, என்றுதான் சொல்கிறார்கள். மாட்டும் வேலையும் வலையிடுதல்தான். பொருளைப் பார்த்து வைத்த பெயர். மொட்டுக்கு அவர்கள் சொல் 'பொத்தோன்', சட்டைப் பித்தானுக்கும் அதே சொல். போர்த்துகீசியத்திலும் இதே கதை. நாம் அவர்களிடமிருந்து வாங்கிய 'பொத்தான்' அங்கே மொட்டையும் குறிக்கும்.

தமிழில் மொட்டுக்குச் சொல் பஞ்சம் கிடையாது. நனை, அரும்பு, முகை, மொக்குள், முகிழ், மொட்டு, போது என்று வரிசையாக வரும். எல்லாம் ஒரே பொருள் அல்ல. 'காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்' என்ற குறள் (1227) மூன்று நிலைகளைக் காலவரிசையில் பிரிக்கிறது: தோன்றுவது அரும்பு, விரியும் தறுவாயில் இருப்பது போது, விரிந்தது மலர். இறுக மூடிக் கூம்பியிருப்பது முகை. ஓசூர் வட்டாரத்தில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் புழங்குகின்றன. கன்னட 'மொக்கு'வும் தெலுங்கு 'மொக்க'வும் நம் முகை, மொக்குள் ஆகியவற்றின் உறவுச் சொற்கள்தான்.

இந்தப் பிரிவு வெறும் அகராதி ஆராய்ச்சி அல்ல. கேப் போடும் நாளை நிர்ணயிப்பதே மொட்டின் நிலைதான். தென்னமெரிக்கத் தோட்டங்களில் நிலைகளுக்கு அடுப்படிப் பெயர்கள்: அரிசி, பட்டாணி, கொண்டைக்கடலை, நிறம் கீறல். நம் ஊர் வேளாண் கையேடுகள் 'பட்டாணி அளவு' என்ற ஒன்றைத்தான் சொல்கின்றன. பட்டாணியிலிருந்து கொண்டைக்கடலை அளவுக்குள், மொட்டை மூடியிருக்கும் பச்சை நிறப் புல்லிகளின் இடுக்கில் நிறம் தெரியத் தொடங்குமுன் போட்டுவிட வேண்டும். முகையில் போட வேண்டியதைப் போதில் போட்டால் அதுவரை சேதமில்லாத பூ நம் கையாலேயே சேதமாகும்.

வலை பாலிஎத்திலீன் அல்லது நைலானில் குழாய் வடிவில் வரும். நன்றாக இழுபடும். சுருளாக வாங்கி வெட்டிக்கொள்ளலாம், வெட்டிய துண்டாகவும் கிடைக்கும். நீளத்தை இப்போதைய மொட்டைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அறுவடையின்போது அந்த ரகத்தின் பூத்தலை எவ்வளவு உயரம் இருக்குமோ அதைவிடச் சற்று அதிகம் வேண்டும். தாஜ்மகால் போன்ற சிவப்பு ரகங்களுக்கு இரண்டிலிருந்து இரண்டரை அங்குலத் துண்டு பொதுவாகப் போதும்.

போடும் முறை எளிது. முதலில் அந்தக் காம்பின் பக்க மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும். பிறகு கிள்ளினால் வலை இடைஞ்சல். பனி உலர்ந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். ஈர மொட்டில் ஒருபோதும் கூடாது. வலைத் துண்டுக்குள் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் விட்டு அகட்டி, மொட்டின் நுனியிலிருந்து நேராகக் கீழே இறக்க வேண்டும். இடது கை மொட்டுக்கு அடியில் காம்பைத் தாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இளங்கழுத்து 'டக்' என்று ஒடிந்துவிடும். கீழ்விளிம்பு புல்லிவட்டத்தின் அடியைத் தொட்டவுடன் விரல்களை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் உருவினால் வலை கூடவே மேலே வந்துவிடும்.

போட்டுவிட்டு மறந்துவிடுவதும் தவறு. நிறம் தெரியும் நாட்களில் ரோஜாவின் ஐந்து புல்லிகளும் கீழ்நோக்கி மடங்கத் தொடங்கும். வலைக்குள் அவை சிக்கி மேல்நோக்கியே நின்றால் அந்த இடத்தில் ஈரம் தங்கும், வெளியிதழில் பள்ளம் விழும். ஒரு சுற்று நடந்து விரல் நுனியால் அவற்றை வெளியே எடுத்துவிட வேண்டும். துண்டு குட்டையாக இருந்தால் மேல்விளிம்பு பூவின் இடுப்பில் நின்றுவிடும். இடுப்பு ஒடுங்கி, அதற்குமேல் இதழ்கள் பிதுங்கும். அந்தப் பூ தரம் பிரிக்கும் மேசையில் இறங்கிப் போகும். தாமதமாகப் போட்டால் வெளியிதழின் விளிம்பில் வலை உராய்ந்த கோடுகள் விழும். அன்று தெரியாது, குளிரறையில் ஒரு இரவு இருந்து வெளியே வந்ததும் பழுப்பாகத் தெரியும்.

இத்தனையும் எதற்கு? வலை இதழ்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. மொட்டு சட்டென்று விரியாமல் செடியிலேயே இன்னும் கொஞ்ச நாள் நிற்கிறது. அந்த நேரத்தில் இதழ்கள் வளர்ந்து தலை நீண்டு பருக்கிறது. வெட்டிய பின் இருபது இருபதாகக் கொத்துக் கட்டி, அட்டை சுற்றி, 2 முதல் 4 டிகிரிக் குளிரில் வைத்துப் பெட்டியில் அடுக்கும்போது தலையோடு தலை உரசும். அந்த உராய்வை வலை வாங்கிக்கொள்ளும். காதலர் தின ஏற்றுமதிக்கு ஒரே வாரத்தில் பூ குவியும்போது விரிதலைத் தள்ளிப்போடும் இந்தக் குணம்தான் பெரிய லாபம்.

வலை தடுப்பது விரிதலையும் உராய்வையும் மட்டுமே. இலைப்பேனின் உடல் அகலம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். மொட்டு வலையின் கண் மில்லிமீட்டர் கணக்கில் அகன்றது. இலைப்பேனுக்கு அது கதவில்லாத வாசல். பசுமைக்குடிலின் பக்கவாட்டில் 40, 50 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 40, 50 கண்) பூச்சிவலை கட்டுவது அதற்காகத்தான். அந்த வேலையை மொட்டு வலை செய்யாது. பச்சைக் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி வலையின் மேலேயே முட்டையிட முடியும், பொரித்து வரும் புழு கண் வழியே உள்ளே போய்விடும். இன்னும் மோசமானது என்னவென்றால், இறுகக் கூடியிருக்கும் இதழ்களுக்கு இடையே புகுந்துவிட்ட இலைப்பேனை மருந்து எட்டாது. கவசம் போட்டாயிற்று என்று நினைத்து மருந்தடிப்பைத் தள்ளிப்போட்டவர் இதழ் விளிம்பெல்லாம் பழுப்புக் கீறலுடன் பூ வெட்டுவார். கேப் போடுவதற்கு ஓரிரு நாள் முன்பு மருந்தடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுவதே முறை.

பாட்ரைட்டிஸ் என்னும் சாம்பல் பூசணத்துக்கும் இதே கணக்கு. இதழில் நீர்த்துளி தங்கினால் முளைக்கிற பூசணம் அது. வலை நீரைத் தடுப்பதில்லை, அதன் இழைகளில் துளி கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும். மழைக்காலத்தில் குடிலின் பக்கத் திரையை மாலையில் சீக்கிரமே மூடிவிட்டால் இரவில் ஈரப்பதம் ஏறி, காலையில் வலைக்குள் இதழில் முள்முனை அளவுப் புள்ளிகள் தெரியும். காற்றோட்டம்தான் அதற்கு மருந்து. பயன்படுத்திய வலையைத் திரும்பப் போடுகிறவர்கள் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, அலசி, வெயிலில் உலர்த்தாமல் போடக் கூடாது. உலர்ந்த இதழ்த் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தாலே பூசணம் அடுத்த மொட்டுக்கு ஏறிவிடும்.

ஆகவே 'கவசம்' வேண்டாம். 'மொட்டுத் தொப்பி' விளையாட்டாக இருக்கிறது. தொப்பி தலையில் உட்காரும், இது தலை முழுவதையும் சூழ்ந்து பிடிக்கிறது. கையுறை, காலுறை, தலையணை உறை என்று நாம் தினமும் சொல்லும் 'உறை' சரியாகப் பொருந்துகிறது: உள்ளிருப்பதன் வடிவத்தோடு ஒட்டி நிற்பது. மொட்டு + உறை = மொட்டுறை. குற்றியலுகரம் கெட்டு உயிரேறும் இயல்பான புணர்ச்சி. வலையால் ஆனது என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'வலையுறை' என்று எழுதலாம். மொட்டுக்காப்பு என்ற சொல்லும் நல்ல சொல்தான், ஆனால் அதை இந்த ஒரு கருவிக்குக் கொடுத்துவிடாமல் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் வேறு வேலை செய்யும் உறவுக் கருவிகள் இருக்கின்றன.

நீலகிரியில், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கார்னேஷன் வளர்ப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. அங்கே மொட்டின் புல்லிவட்டம் வெடித்து இதழ்கள் ஒரு பக்கமாகச் சரியும். பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை வேறுபாடு அதிகமாகும்போதும், இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதும் மொட்டுக்குள் கூடுதல் இதழ்கள் உருவாகின்றன. குழல் போன்ற புல்லிவட்டம் தாங்காமல் பிளக்கிறது. போரான் குறைவும் ஒரு காரணம். இதழ் எட்டிப்பார்க்கும் தருணத்தில் புல்லிவட்டத்தைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவார்கள், அல்லது சுமார் 6 மி.மீ. அகல ஒளிபுகும் நாடாவை ஒட்டுவார்கள். அங்கே இதற்கும் 'பேண்ட் போடுறது' என்ற பேச்சுதான். தமிழில் 'புல்லி வளையம்' போதும். புல்லுதல் என்றால் தழுவுதல். செடி தானே போட்டுக்கொண்ட மொட்டுக்காப்பு புல்லிதான், அது தளரும் இடத்தில் ஒரு வளையத்தைச் சேர்க்கிறோம். வெடித்த பிறகு போடும் வளையம் பூவை ஒட்டவைக்காது, விற்பனைக்குச் சேர்த்துக் கட்டி வைக்கும், அவ்வளவே.

இங்கிலாந்தின் ரோஜாக் கண்காட்சி வளர்ப்பாளர்கள் மொட்டைத் தொடாமலே காப்பாற்றினார்கள். செடிக்குப் பக்கத்தில் கம்பு ஊன்றி, கம்பிச் சட்டத்தில் துணி கட்டிய கூம்பை மொட்டுக்கு மேலே நிறுத்துவார்கள். மழைப் புள்ளியும் வெயிலில் நிறம் வெளுப்பதும் தவிரும். இதற்கு 'பூக்குடை'. உயரத்தை ஏற்றி இறக்கக் கம்பில் ஒரு பிடி இருக்க வேண்டும். கூம்பு தாழ்ந்து மொட்டில் உரசினால் காற்றடிக்கும் ஒரு மணி நேரத்தில் இதழ் கிழிந்துவிடும். போட்டிக்குச் சில நாள் முன்பு இதழ்களைத் தடித்த கம்பளி நூலால் தளர்வாகச் சுற்றிக் கட்டி, நடுவர் வருமுன் அவிழ்ப்பதும் உண்டு. நம் வலையுறை செய்யும் அதே வேலை, கையால். பெரிய தலைச் செவ்வந்திக்கு அவர்கள் எண்ணெய் ஊறாத காகிதத்தில் இரட்டைப் பை மாட்டுவார்கள். அது 'மொட்டுப் பை'. வெள்ளையும் மஞ்சளும்தான் அதிகம் பைக்குள் போகும்.

மல்லிகைக்கு இவற்றில் எதுவும் கிடையாது. மொட்டுப்புழு அதையும் துளைக்கிறது, ஆனால் விடியுமுன் மொட்டாகவே பறித்து எடைக்கு விற்கும் பூவுக்கு ஒவ்வொன்றாக உறை மாட்டக் கூலி கட்டுபடியாகாது. காம்புக்கு ஒரு பூ, பூவுக்கு ஒரு விலை என்ற கணக்கு உள்ள இடத்தில்தான் மொட்டுறை பிழைக்கும்.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரோஜாவில் கண் வைத்து ஒட்டும்போது சுற்றும் மெல்லிய நாடா 'பட் டேப்'. அங்கே 'பட்' என்பது துளிர்க்கும் கண், பூமொட்டு அல்ல. இரண்டு பெயரும் காதில் ஒன்றாகவே விழும். தொலைபேசியில் சொல்லி வரவழைத்தால் கேப்புக்குப் பதில் டேப் வந்து இறங்கும். 'ரோஜா மொட்டுக்கு மாட்டுற வலை, இத்தனை அங்குலம்' என்று சொல்லிவிடுவது நல்லது. பூவை வாங்கி வீட்டில் ஜாடியில் வைக்கிறவர்கள் வலையை மேலே பிடித்து இழுக்க வேண்டாம், வெளியிதழ் கூடவே வந்துவிடும். கத்தரிக்கோலின் மழுங்கிய முனையைக் காம்புப் பக்கத்திலிருந்து வலைக்குள் விட்டு, நுனி வரை ஒரே வெட்டாக வெட்டி உரித்தெடுக்கலாம். எடுக்காமலே ஜாடியில் வைத்துவிட்டு, பூ விரியவில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்வோரும் உண்டு.