‘சூப்பர்’ என்று எழுதிக் கொடுத்தால் போதுமா? சக மாணவரின் கட்டுரைக்குக் கருத்து சொல்லப் பழக்குவது

மலேசியத் தமிழ்ப்பள்ளி வகுப்பில், பக்கத்தில் இருப்பவரின் கட்டுரையைப் படித்துக் கருத்து எழுதச் சொன்னால் பெரும்பாலும் இரண்டு வகைதான் வரும். ஒன்று ‘சூப்பர்’, ‘நன்று’, கூடவே சிரிக்கும் முகம். மற்றொன்று ‘கையெழுத்து மோசம், நிறையப் பிழை, 10க்கு 6’. முதல் வகையால் எழுதியவருக்கு ஒரு பயனும் இல்லை. இரண்டாவதைப் பார்த்ததும் அவர் புத்தகத்தை மூடிவிடுவார். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை, எதைப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியர்களான நாம்தான் சொல்லித் தரவில்லை.

முதலில் ‘10க்கு 6’ என்று புள்ளி போடுவதை நிறுத்துங்கள். ஆறாம் ஆண்டு பொதுத்தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இல் நீக்கப்பட்டு, ஆசிரியரே வகுப்பில் செய்யும் வகுப்புசார் மதிப்பீடு முன்னுக்கு வந்துவிட்டது. ஆனாலும் பெற்றோரும் பிள்ளைகளும் இன்னும் புள்ளியைத்தான் தேடுகிறார்கள். கல்வி ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்து மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். கருத்தோடு புள்ளியும் பெற்றவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை. பக்கத்தில் எண் இருந்தால் கண் அதிலேயே நின்றுவிடும். அந்த எண்ணைப் போட்டது பக்கத்து நாற்காலிப் பிள்ளை என்றால் மனத்தாங்கலும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது பிழை திருத்தம். இதில்தான் பல ஆசிரியர்கள் சறுக்குகிறார்கள். ல, ள, ழ வேறுபாடு தனக்கே உறுதியாகத் தெரியாத ஒரு மாணவி, தோழி சரியாக எழுதியதைத் தவறாக மாற்றிவிடுவாள். நியூசிலாந்து வகுப்பறைகளில் மாணவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த கிரஹாம் நட்டால், மாணவருக்குக் கிடைக்கும் கருத்தில் பெரும்பகுதி சக மாணவரிடமிருந்தே வருகிறது, அதில் பெரும்பாலானவை தவறு என்று கண்டார். அதனால் எழுத்துப்பிழை நம் பொறுப்பாகவே இருக்கட்டும். அந்த வாரம் நடத்திய ஒரே ஒரு விதியை மட்டும் அவர்களிடம் விடலாம். ‘பறவைகள் பறந்தது’ போன்ற ஒருமை பன்மை மயக்கம் இதற்குத் தோதானது.

மற்றபடி சக மாணவரிடம் கேட்க வேண்டியது, வாசகராக அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான். ஓர் ஒட்டுத்தாளில் மூன்று வரி போதும்: எந்த வரி கண்முன் காட்சியைக் கொண்டுவந்தது, எந்த இடத்தில் புரியாமல் நின்றேன், எழுதியவரிடம் என் ஒரு கேள்வி.

பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசம் பற்றிய கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். ‘நாங்கள் தண்ணீர்மலைக்குச் சென்றோம். மக்கள் கூட்டம் அலைமோதியது. மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.’ (இந்தக் கூட்டம் பினாங்கில் எல்லார் கட்டுரையிலும் அலைமோதுகிறது. மனப்பாடத் தொடர்ப் பட்டியலைக் கொடுத்தவர்கள் நாம்தானே!) இதற்கு ‘இன்னும் விரிவாக எழுது’ என்றால் பிள்ளை இன்னும் இரண்டு மனப்பாடத் தொடர்களைச் சேர்ப்பான். ‘இந்த இடத்துல நீ எங்க நின்னேன்னு தெரியல. ரோட்டுல தேங்கா உடைக்கிற இடமா, மலைப்படியா?’ என்று கேட்டால் அவன் நினைவுக்குப் போயே ஆக வேண்டும். சிதறிய தேங்காய் ஓட்டில் கால் வழுக்கியது அப்போதுதான் தாளுக்கு வரும். வரியை நண்பனே எழுதிக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அது நண்பனின் கட்டுரையாகிவிடும். ‘நீ எப்பவும் இப்படித்தான்’ என்ற பேச்சும் வேண்டாம். விரல் வரியின் மேல் இருக்கட்டும், ஆள் மேல் வேண்டாம்.

இதை நேரடியாக இணைகளிடம் விட்டால் சொதப்பும். முதல் முறை, பெயர் நீக்கிய பழைய கட்டுரை ஒன்றை நழுவத்தில் (ஸ்லைடில்) காட்டி, வகுப்பே சேர்ந்து மூன்று வரிகளையும் எழுதிப் பார்க்கட்டும். பிறகு இணைகள். உயிர்த்தோழர்களைச் சேர்க்காதீர்கள், ‘சூப்பர்’தான் வரும். திறனில் மலைக்கும் மடுவுக்குமான இடைவெளியும் ஆகாது.

இரண்டு பாடவேளை, அதாவது 60 நிமிடம், போதும். படிக்க 8 நிமிடம்: முதல் தடவை பென்சிலைத் தொடாமல், மறுதடவை கோடிட்டு. எழுத 7 நிமிடம். பேச 5 நிமிடம்: எழுதியவர் வாதாடாமல் ‘எந்த வரி?’ என்று மட்டும் கேட்கலாம். மீதி நேரத்தில் பெரும்பகுதி திருத்தி எழுதுவதற்கே. மணி அடித்துவிட்டது, வீட்டில் திருத்திக்கொள்ளுங்கள் என்றால் அதுவரை செய்தது அத்தனையும் வீண். எல்லாக் கருத்தையும் ஏற்கக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். ஒன்றையாவது ஏற்றுத் திருத்தட்டும், மறுத்ததற்கு ஒரு வரிக் காரணம் எழுதட்டும்.

வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகள் கோடும் கேள்விக்குறியும் போட்டு, வாய்மொழியாகச் சொன்னாலே போதும். ஒட்டுத்தாள் கட்டுரையை எழுதியவரிடம் மட்டும் போக வேண்டும். இடைநிலைப்பள்ளியில் இது இன்னும் முக்கியம், அங்கே ஒருவரின் கட்டுரை மாலைக்குள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேலிப்பொருளாகிவிடலாம்.

பாடம் முடிந்ததும் கட்டுரைகளுக்கு முன்பாக ஒட்டுத்தாள்களைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் எடுத்து, வேறொருவர் கட்டுரையில் ஒட்டினாலும் இது பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தினால், ஒட்டுத்தாளை எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்து, எந்த வரியைப் பற்றிச் சொல்கிறார் என்று குறிக்கச் சொல்லுங்கள்.