நிஷ்: பூச்சிப் பரவலை முன்கணிப்பவர்களின் மூலச்சொல்

பருவநிலை மாற்றத்தால் பயிர்ப்பூச்சிகள் இனி எங்கெல்லாம் பரவக்கூடும் என்று காட்டும் வரைபடங்களை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். அவற்றை வரைபவர்கள் ஓயாமல் புழங்கும் சொல் ‘நிஷ்’ (niche). பாடநூல்கள் இதைச் ‘செயல் வாழிடம்’ என்கின்றன. அது பிழையான ஆக்கம் அன்று. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு பரவல் வரைபடத்தைப் படிக்க முயன்றால் பொருள் பிடிபடுவதில்லை.

பிரெஞ்சில் நிஷ் என்றால் சிலை வைப்பதற்காகச் சுவரில் குடையும் குழிவு; தமிழில் மாடம் என்றோ பிறை என்றோ சொல்வோம். கூடு என்னும் பொருளுடைய ‘நிடுஸ்’ என்ற லத்தீன் சொல்லே இதன் வேர் என்பது ஒரு கருத்து. சிப்பியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு.

உயிரியலில் 1910ஆம் ஆண்டிலேயே ராஸ்வெல் ஜான்சன் இச்சொல்லை எழுதிவிட்டாலும், அதற்கு நிலையான இடம் வாங்கிக் கொடுத்தவர் அமெரிக்க விலங்கியலாளர் ஜோசஃப் கிரின்னெல். கலிபோர்னியப் புதர்க்காட்டுப் பறவை ஒன்றைப் பற்றிய 1917ஆம் ஆண்டுக் கட்டுரையில், அந்தப் பறவை எந்த வெப்பத்தில், எந்த ஈரத்தில், எத்தகைய புதர்களிடையே வாழ்கிறது என்பதைத் தொகுத்து அதற்கு நிஷ் என்று பெயரிட்டார். பத்து ஆண்டுகளில் ஆங்கிலேயச் சூழலியலாளர் சார்லஸ் எல்டன் அதே சொல்லை வேறு பக்கம் திருப்பினார். ஓர் உயிர் எதைத் தின்கிறது, எதற்கு இரையாகிறது, அதாவது சூழலில் அதன் தொழில் என்ன என்பதே அவருக்கு நிஷ். நம் ‘செயல் வாழிடம்’ எல்டனின் பிள்ளை. பூச்சி வரைபடங்களோ கிரின்னெல் வழி வந்தவை.

1957இல் சூழலியலாளர் ஹட்சின்சன் இதைக் கணக்கின் மொழிக்குக் கொண்டுவந்தார். வெப்பம் ஓர் அச்சு, ஈரப்பதம் இன்னோர் அச்சு, இப்படித் தேவையான அளவுக்கு அச்சுகள். ஒவ்வொன்றிலும் ஓர் இனம் தாக்குப்பிடிக்கும் கீழெல்லையையும் மேலெல்லையையும் குறித்து, எல்லாவற்றையும் ஒருசேரப் பார்த்தால் கிடைக்கும் வெளிதான் நிஷ். உடலியல் அனுமதிக்கும் முழு வெளி ஒன்று. போட்டி இனங்கள் நெருக்கியபின் எஞ்சும் வெளி மற்றொன்று. இயற்கை எதிரிகளின் நெருக்கலையும் இன்று இதனுடன் சேர்த்தே பார்க்கிறார்கள்.

இந்தப் பொருளுக்கு ‘வாழ்வரம்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வரம்பு என்பது வயலின் கரையையும் குறிக்கும், மீறக்கூடாத அளவையும் குறிக்கும். ஹட்சின்சன் சொன்னது இந்த இரண்டாவது பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. அவர் பிரித்த இரண்டையும் முறையே ‘அடிப்படை வாழ்வரம்பு’, ‘நடைமுறை வாழ்வரம்பு’ என்று சொல்லிவிடலாம்.

இந்தப் பிரிவினை ஏட்டளவில் நிற்பதன்று. மரவள்ளி மாவுப்பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் புகுந்து மரவள்ளியை அழித்தது. அதன் தாயகமான தென் அமெரிக்காவில் அதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. 1981இல் பராகுவேயில்தான் அகப்பட்டது. அங்கே ஒட்டுண்ணிக் குளவி உள்ளிட்ட எதிரிகள் அதைத் தலையெடுக்க விடவில்லை. தாயகத்தில் அது எவ்வளவு தென்படுகிறது என்பதை மட்டும் பார்த்து முன்கணித்திருந்தால், பொருட்படுத்த வேண்டாத பூச்சி என்றே முடிவு வந்திருக்கும். தாயகத் தரவை மட்டும் நம்பும் எந்தக் கணிப்புக்கும் இந்த ஆபத்து உண்டு. அந்தக் குளவியையே ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் விட்ட பிறகுதான் பூச்சி அடங்கியது.

செய்திகளில் ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது: வெப்பம் கூடுவதால் பூச்சியின் ‘நிஷ் விரிகிறது’ என்று எழுதுகிறார்கள். பெரும்பாலும் வாழ்வரம்பு இருந்தபடியே இருக்கிறது. அதற்குப் பொருந்தும் நிலம்தான் இடம் மாறுகிறது. நேற்றுவரை குளிர் கொன்ற இடத்தில் இன்று கொல்லவில்லை, அவ்வளவே. நிலத்தில் கோடிட்டுக் காட்டக்கூடியதைப் ‘பரவல் எல்லை’ என்று தனியே அழைத்தால் குழப்பம் தீரும். 612 பயிர்ப்பூச்சிகளையும் நோய்க்கிருமிகளையும் ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, 1960க்குப் பின் அவை ஆண்டுக்குச் சராசரியாக 2.7 கிலோமீட்டர் துருவங்களை நோக்கி நகர்ந்ததாகக் கணக்கிட்டது. நகர்ந்தது பரவல் எல்லை.

வாழ்வரம்பே மாறுவதும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போன ஒரு களைச்செடி, தாயகத்தில் காணாத காலநிலையிலும் அங்கே பரவியிருப்பதை 2007இல் காட்டினார்கள். ஆனால் ஐம்பது தாவர இனங்களை ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் கண்டவை சிலவே. முன்கணிப்பவர்கள் ஓரளவு துணிந்து வேலை செய்ய முடிவது இதனால்தான்.

வேலை இரண்டு வழிகளில் நடக்கிறது. பூச்சி ஏற்கெனவே காணப்பட்ட இடங்களின் காலநிலையைக் கொண்டு வரம்பை ஊகிப்பது ஒன்று. 2006இல் வந்த மேக்ஸென்ட் என்ற கணினிக் கணிப்பு முறை இவ்வகை. இது பெரும்பாலும் நடைமுறை வாழ்வரம்பையே தரும். பூச்சியின் வளர்ச்சி எந்த வெப்பநிலையில் நிற்கிறது, எவ்வளவு குளிரில் சாகிறது என்ற உடலியல் அளவுகளையும் சேர்ப்பது மற்றொன்று. ஆஸ்திரேலியாவில் உருவாகி 1985இல் வெளியான கிளைமெக்ஸ் என்ற கணினி முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புதிதாகப் புகும் பூச்சிக்கு இரண்டாவதையே நான் கூடுதலாக நம்புவேன்.

மக்காச்சோளப் படைப்புழு இந்தச் சொற்களையெல்லாம் சோதித்துப் பார்க்கும் பூச்சி. சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் வளர்ச்சி நின்றுவிடும். குளிர்கால உறக்கமும் அதற்குக் கிடையாது. ஆகவே அமெரிக்காவில் ஃபுளோரிடா, டெக்சாஸ் மாநிலங்களின் தென்பகுதிகளில்தான் குளிர்காலத்தைக் கடக்கிறது. ஆனால் கோடைதோறும் அதன் அந்துப்பூச்சிகள் கனடா வரை பறந்து சென்று முட்டையிடுகின்றன. கனடா அதன் வாழ்வரம்புக்குள் வருமா? கோடையில் வரும், குளிர்காலத்தில் வராது. இத்தகைய பூச்சிக்கு ‘நிலைவாழ் பரப்பு’, ‘பருவப் பரப்பு’ என்று வரைபடத்தில் இரண்டு நிறங்கள் வேண்டும். ஒரே நிறம் பூசிய வரைபடத்தைப் பார்த்தால், அது எந்தப் பரப்பு என்று முதலில் கேட்க வேண்டும்.