பிரெசன்ட் பேர்ஃபெக்ட்: நிறைவு நிகழ்காலம்

பேர்ஃபெக்ட் என்றால் குறையில்லாதது என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆங்கில இலக்கணத்தில் காலத்தின் பெயராக வரும்போது அந்தப் பொருள் உதவாது. வேர் லத்தீன்: 'பெர்' முழுக்க, 'ஃபகெரே' செய்தல், இரண்டும் சேர்ந்து செய்து முடித்தல். ரோமானிய அறிஞர் வர்ரோ கி.மு. முதலாம் நூற்றாண்டிலேயே வினைகளை முடிந்தவை, முடியாதவை என்று பிரித்துப் பேசியிருக்கிறார். 'கன்டினியுவஸ்' என்பதும் லத்தீன்தான், இடைவெளியில்லாமல் தொடர்வது. அதனால்தான் 'பிரெசன்ட் பேர்ஃபெக்ட் கன்டினியுவஸ்' என்ற பெயரைக் கேட்டதும், முடிந்ததா தொடர்கிறதா என்று பிள்ளை குழம்புகிறது. குழப்பம் பெயரில் இருக்கிறது, பிள்ளையில் இல்லை.

தமிழில் சிலர் 'முற்று நிகழ்காலம்' என்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, வினைமுற்று என்று நம் இலக்கணத்தில் முற்றுக்கு வேறு வேலை ஏற்கனவே இருக்கிறது. 'நிறைவு நிகழ்காலம்', 'நிறைவுத் தொடர் நிகழ்காலம்' என்பவை நல்லவை.

சரி, இந்த இரண்டில் எப்போது எது? காலையிலிருந்து மட்டக்களப்பு வாவியில் வலை வீசுகிறவர் 'ஐ ஹேவ் பீன் ஃபிஷிங் சின்ஸ் மோர்னிங்' என்பார், ஏனென்றால் அங்கே பேச்சு வேலையைப் பற்றியது. 'ஐ ஹேவ் கோட் (caught) டென் ஃபிஷ்' என்றால் பேச்சு கிடைத்ததைப் பற்றியது, எத்தனை என்று எண்ணிச் சொல்கிற இடத்தில் 'பீன் கட்சிங்' வராது. இன்னொன்று, எருமைத் தயிர்ச் சட்டியைத் திறந்து பார்த்து 'ஹூஸ் ஈட்டன் த கேர்ட்?' என்று கேட்டால் சட்டி காலி, 'ஹூஸ் பீன் ஈட்டிங் த கேர்ட்?' என்றால் யாரோ அள்ளித் தின்றிருக்கிறார்கள், ஆனால் மிச்சம் இருக்கலாம். ஒரு 'பீன்' செய்கிற வேலை இது!

நோ (know), பிலீவ், ஓன் (own) மாதிரி நிலையைச் சொல்லும் வினைகளுக்குத் தொடர் வடிவம் பொதுவாகக் கிடையாது. பத்து வருடப் பழக்கமானாலும் 'ஐ ஹேவ் நோன் ஹிம்' தான். லிவ், வேர்க் போன்றவற்றில் இரண்டும் சரி, தொடர் வடிவத்தில் தற்காலிகம் என்ற வாடை கொஞ்சம் இருக்கும்.

நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது வேறு இடத்தில். 'ஆறு வருசமா கல்முனையில படிப்பிக்கிறன்' என்று தமிழில் சாதாரண நிகழ்காலமே போதும், அதை அப்படியே கொண்டுபோய் 'ஐ ஆம் டீச்சிங் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த இடத்தில் நம்மிடமே இருக்கிற 'வருகிறேன்' என்ற துணைவினையை நினைக்கச் சொல்லுங்கள். 'படிப்பித்து வருகிறேன்' என்று சொல்ல முடிந்தால் அது 'ஹேவ் பீன் டீச்சிங்'. 'படிப்பித்திருக்கிறேன்' என்றால் 'ஹேவ் டாட்'. 'படிப்பித்துக்கொண்டிருக்கிறேன்' என்பதில்தான் கவனம் வேண்டும், காலையிலிருந்து, மூன்று மணியிலிருந்து என்று ஏதாவது முன்னால் நின்றால் 'ஹேவ் பீன்', ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் 'ஆம் டீச்சிங்'.