சவுண்டிங் ரொக்கெற்: ஒலியா, ஆழமா?

யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சிப் பதாகையில் ‘ஒலி ஏவூர்தி’ என்றிருந்தது. மேலே போய் வானை அளந்துவிட்டு விழும் சவுண்டிங் ரொக்கெற் என்பதைப் பிள்ளைகள் அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். அவர்களில் பிழையில்லை. ஆங்கிலத்தில் ‘சவுண்ட்’ என்று இரண்டு சொற்கள் ஒரே எழுத்துக்கூட்டலில் நிற்கின்றன. ஆனால் இந்தச் சவுண்டுக்கும் சத்தத்துக்கும் உறவில்லை. பிரெஞ்சில் ‘சோந்தே’ என்றால் துழாவி அறிதல், ஆழம் பார்த்தல். ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, எத்தனை பாகம் என்று பார்க்கிற வேலை. வானிலை பலூனில் போகும் ரேடியோசோண்ட் என்ற அளவுகருவியின் பெயர் முடிவிலும் இதே சொல்தான்.

பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறடி. 1938இல் அமெரிக்கக் கரை சேர்ந்த அன்னபூரணிப் பாய்க்கப்பலைக் கட்டிய வல்வெட்டித்துறைக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

கடலுக்கான சொல் வானுக்கு ஏறிய காரணம் எளிது. பலூன் ஏறக்குறைய 40 கிலோமீற்றருக்கு மேல் போகாது. செய்மதியோ 150 கிலோமீற்றருக்குக் கீழே வந்தால் காற்று உராய்ந்து விழுந்துவிடும். இடைப்பட்ட வெளியை நேரே தொட்டு அளக்க இந்த ரொக்கெற்றை விட்டால் வேறு வழி அரிது. மேலே போகும், அளக்கும், விழும், பூமியைச் சுற்றாது. 1963 நவம்பர் 21 அன்று கேரளத்துத் தும்பாவிலிருந்து நைக்கி-அப்பாச்சி என்ற ரொக்கெற் கிளம்பியதும் இதற்காகவே. காந்த ஊசி சாயாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு அந்தக் கடற்கரைக்கு அருகே போகிறது; அதற்கு மேலுள்ள வெளியை அளக்கவே அந்த இடத்தைத் தெரிந்தார்கள்.

எடையின்மையில் சோதனை செய்ய விரும்புபவருக்கும் இது நல்ல தெரிவு. ஜேர்மனியின் பிரேமன் கோபுரத்திலிருந்து கருவியை விழவிட்டால் எடையின்மை 4.7 விநாடிதான் கிடைக்கும். வளைந்து பாயும் விமானத்தில் ஏறக்குறைய 20 விநாடி. இந்த ரொக்கெற்றில் பொதுவாக ஆறு நிமிடமளவு கிடைக்கும். மாதக்கணக்கில் வேண்டுமானால் செய்மதியோ விண்வெளி நிலையமோதான். ஆனாலும் புதுக் கருவியை முதலில் சில நிமிடம் பரீட்சித்துப் பார்ப்பதே புத்தி.

‘ஆய்வு ஏவூர்தி’ என்பதும் வழக்கில் உண்டு. பிழையில்லைத்தான். ஆனால் ஆய்வுக்குப் போகிற ஏவூர்திகள் எத்தனையோ; எது என்று அந்தப் பெயர் காட்டாது. நான் ‘ஆழமறி ஏவூர்தி’ என்றே எழுதுகிறேன். மேலே போவதற்கு ஆழம் பொருந்துமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஓர் ஆளின் மனதை அறியப் பேச்சுக் கொடுப்பதையும் நாங்கள் ‘ஆழம் பார்க்கிறது’ என்றுதானே சொல்கிறோம், பிள்ளை?