கையில் பத்தாயிரத்துக்கு மேல் இருந்தால் சொல்லிவிடுங்கள்

"பத்தாயிரம் டாலருக்கு மேல் கொண்டுபோகக் கூடாதாமே?" வெளிநாட்டுப் பயணம் என்றதும் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார். அப்படியொரு தடை அமெரிக்காவிலும் இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஒரு அளவைத் தாண்டினால் சுங்க அதிகாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதிக் கொடுத்ததற்காக வரி கிடையாது, கட்டணமும் கிடையாது. (கிளம்புகிற நாடு எவ்வளவு வெளியே விடும் என்பது வேறு கணக்கு. அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

அமெரிக்காவில் 10,000 டாலரைத் தாண்டினால் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவைத் தொட்டாலே சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 20,000 சிங்கப்பூர் டாலருக்கு மேல், ஜப்பானில் 10 லட்சம் யென்னுக்கு மேல். எந்த நாட்டு நோட்டாக இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்கு. உள்ளே வரும்போது மட்டுமல்ல, வெளியே போகும்போதும் இதே விதிதான். பலர் மறப்பது இந்த இடத்தில்.

பயணத்துக்கென்று முன்கூட்டியே வாங்கிவைக்கும் காசோலையான டிராவலர்ஸ் செக்கும் பணமாகவே எண்ணப்படும். வங்கிக் கணக்கில் இருப்பதும், அதை எடுக்கும் டெபிட் கார்டும் இதில் வராது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூன் 3 முதல் தங்கத்தையும் சேர்த்துவிட்டது: 90 சதவீதமாவது தங்கம் உள்ள நாணயம், 99.5 சதவீதமாவது சுத்தமான கட்டி. கழுத்தில் கிடக்கும் நகை இதில் சேராது, அதற்குச் சுங்க வரி விதி தனி.

அடுத்து, பிரித்து வைத்துக்கொள்வது. கணவரிடம் 6,000, மனைவியிடம் 7,000 டாலர் இருந்தால், ஆளுக்குப் பத்தாயிரத்துக்குக் கீழேதானே என்று தோன்றும். அமெரிக்கச் சுங்கம் இதை 13,000 என்றே பார்க்கும். பிரிட்டனிலும் குடும்பமாகப் போனால் மொத்தத் தொகைதான் கணக்கு, அங்கே வரம்பு 10,000 பவுண்டு.

1994இல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் மனைவி, இரண்டு மகள்களோடு கிளம்பிய ஒருவரின் பெட்டிகளில் பணம் இருப்பதை மோப்ப நாய்கள் கண்டுபிடித்தன. அதிகாரி கேட்டதற்கு, தன்னிடம் 8,000, மனைவியிடம் 7,000, வேறு இல்லை என்றார். சோதித்தால் 3,57,144 டாலர்! திருட்டுப் பணம் அல்ல, முறையான கடனை அடைக்கக் கொண்டுபோன பணம். அரசு மொத்தத்தையும் பறிக்கப் பார்த்தது. சொல்லாமல் விட்ட குற்றத்துக்கு அது மிகையான தண்டனை என்று 1998இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இதை நம்பி யாரும் துணிய வேண்டாம். 2001இல் வந்த சட்டம், அறிக்கை தராமல் தப்பிப்பதற்காகப் பணத்தை ஒளித்துக் கொண்டுபோவதையே தனிக் கடத்தல் குற்றமாக்கிவிட்டது.

சரி, எப்படிச் சொல்வது? அமெரிக்காவுக்கு 'ஃபின்சென் 105' என்ற படிவம். இணையத்திலேயே நிரப்பலாம். யார் பணம், எவ்வளவு என்று கேட்பார்கள். ஐரோப்பாவில் எங்கிருந்து வந்தது, எதற்கு என்றும் கேட்பார்கள். வங்கியில் எடுத்த ரசீது, பணம் மாற்றிய ரசீது இரண்டையும் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள். ஐரோப்பாவில் வரம்புக்குக் கீழே இருந்தாலும், குற்றத்தோடு தொடர்பு என்று சந்தேகம் வந்தால் பணத்தை நிறுத்தி வைக்கச் சுங்க அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. நிரப்பிய படிவத்தின் நகலைப் பயணம் முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். திரும்பும்போது மீதிப் பணம் எப்படி வந்தது என்று காட்ட அதுதான் கைகொடுக்கும். மீதியே வரம்பைத் தாண்டினால் இன்னொரு படிவம் எழுத வேண்டியதுதான்.