வினா வேறு, கோரிக்கை வேறு

போன மாதம் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு பயிற்சி வகுப்பு. தோட்டங்களிலிருந்து முப்பது பேரளவில் இளைஞர்கள் வந்திருந்தார்கள். பாராளுமன்றம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக்கொடுக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி: "பாராளுமன்ற உறுப்பினர் அமைச்சரிடம் எழுத்துமூலக் கோரிக்கை சமர்ப்பித்து விளக்கம் பெறலாம்."

இந்தத் தொடரை இதற்கு முன்பும் இரண்டு மூன்று கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். பேசாமல் இருந்துவிட்டேன். இந்தத் தடவை முடியவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "கோரிக்கைன்னா, குடுக்கிறதும் குடுக்காததும் அமைச்சரோட இஷ்டந்தானே சேர்?" என்று கேட்டாள். அவள் தமிழைச் சரியாகத்தான் விளங்கிக்கொண்டாள். பிழை பிரசுரத்தில் இருக்கிறது. உறுப்பினர் அமைச்சரிடம் கொண்டுபோவது கோரிக்கை இல்லை, எழுத்தில் விடை கேட்கும் வினா.

பொருளை முதலில் பார்ப்போம். சபை உறுப்பினர் ஒருவர், அமைச்சரின் பொறுப்பில் உள்ள ஒரு விடயத்தைப் பற்றி முன்னறிவித்தல் கொடுத்துக் கேட்கிறார். அமைச்சர் சபைக்கு விடை சொல்லியாக வேண்டும். பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் 1721இல் கேட்கப்பட்டதைத்தான் பதிவான முதல் வினா என்பார்கள். அங்கிருந்து வந்த வழக்கம் இங்கே நம்முடைய பாராளுமன்ற நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளிலும் இருக்கிறது. விடை இரண்டு வகை. அமைச்சர் எழுந்து வாயால் சொல்வது ஒன்று, எழுதிக் கொடுப்பது மற்றது. சபையில் பேசியதெல்லாம் அச்சாகிற பதிவேடான ஹன்சாட்டின் தமிழ்த் தலைப்புகளைப் பாருங்கள்: "வினாக்களுக்கு வாய்மூல விடைகள்", "வினாக்களுக்கு எழுத்துமூல விடைகள்". இரண்டிலும் வாய், எழுத்து என்ற அடை விடைக்குத்தான் வருகிறது. வினா எப்படியும் எழுத்தில்தான் போகிறது. வாய்மூல விடைக்கான வினாவும் எழுதிக் கொடுக்கப்பட்டு, சபை நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகித்தான் சபைக்கு வரும். ஆகவே செய்திகளில் வருகிற "எழுத்துமூலக் கேள்வி" கூட அரைகுறைதான். எழுதித் தர வேண்டியவர் அமைச்சர் என்பது அந்தத் தொடரில் மறைந்துபோகிறது.

சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வினவு என்ற வினையிலிருந்து வந்தது வினா. கேள் என்பதிலிருந்து கேள்வி. கேள் என்பதற்குச் செவியால் கேட்பது, வாயால் கேட்பது என்று இரண்டு பொருளும் உண்டு; திருக்குறளின் 42ஆம் அதிகாரத்தில் கேள்வி என்றால் செவிவழி பெறும் அறிவு. விடு என்பதிலிருந்து விடை. பதில் என்பது அரபு வழி வந்த சொல், மாற்று என்பது அதன் அடிப்பொருள். "அதற்குப் பதிலாக இது" என்கிறோமே, அந்தப் பொருள்தான். அது தமிழில் கலந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் ஹன்சாட் மொழிபெயர்ப்பாளர்கள் விடை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது நல்ல காரியம்.

வினாவா, கேள்வியா? பேச்சில் எது வந்தாலும் சரி. கேள்விக்கு ஒரு பெருமையும் உண்டு: "கேட்டுக் கேள்வி இல்லாம நடக்குது" என்று நம் தோட்ட வரிசை வீடுகளில், லயங்களில் சொல்கிறபோது, பொறுப்பில் இருக்கிறவனைத் தட்டிக் கேட்க ஆள் இல்லை என்ற முழுக் கருத்தும் அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகிறது. எழுத்தில் மட்டும் வினா நல்லது என்பேன். இலங்கை அரச தமிழில் கேள்வி என்பதை டெண்டருக்கும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கேள்வி அறிவித்தல், கேள்விப் பத்திரம், கேள்வி கோரல் எல்லாம் அந்தக் கணக்கு. "அமைச்சிடம் எழுத்துமூலக் கேள்வி சமர்ப்பித்தார்" என்று வாசிக்கிறவர், யாரோ பாதை போட விலை கொடுத்திருக்கிறார் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இனிக் கோரிக்கைக்கு வருவோம். இது எங்கிருந்து நுழைந்தது என்று ஊகிக்க முடிகிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் பிரசை தகவலைக் கோருகிறார். அங்கே கோரிக்கை என்ற சொல் பொருந்தும், அதற்குப் படிவமும் உண்டு. அந்தப் பயிற்சிகளை நடத்தியவர்களே பாராளுமன்றப் பயிற்சியையும் நடத்துகிறார்கள், அதே மொழிபெயர்ப்பாளருக்கு இதுவும் போகிறது, அவர் கையில் இருந்த சொல்லை இங்கேயும் ஒட்டிவிடுகிறார். ஆனால் இரண்டும் ஒன்றா? தகவல் மறுக்கப்பட்டால் பிரசை மேன்முறையீடு செய்து தகவலறியும் உரிமை ஆணைக்குழு வரை போகலாம். சபையில் கேட்கிற உறுப்பினரின் உரிமை வேறு இடத்தில் வேர்விட்டது. அமைச்சரவை பாராளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புடையது, விடை சொல்லவும் கடமைப்பட்டது என்று அரசியலமைப்பு சொல்கிறது. கோரினால்தான் கிடைக்கும் என்கிற நிலையில் சபை இல்லை.

மலையகத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பாரமும் உண்டு. நமக்குக் கோரிக்கை என்றால் சம்பளக் கோரிக்கை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கையை எத்தனை வருடம் சுமந்தோம், 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக அரசிதழான வர்த்தமானியில் வரும் வரைக்கும். அதற்கு முன்னால் மனு. தோட்டத் துரைக்கு மனு, தொழில் அலுவலகத்துக்கு மனு. 1947இல் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்து தெரிவாகிச் சபைக்குப் போனார். அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்து மக்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை போனது, பின்னாலேயே வாக்கும் போனது. அவர் திரும்பவும் மக்கள் வாக்கில் தெரிவானது 1977இல். இடையில் நியமன உறுப்பினராக இருந்தார், அது வேறு. தோட்டத்து மக்களில் பெரும்பாலோருக்கு அந்த இடைக்காலத்தில் தம் வாக்கால் போன ஆள் சபையில் இல்லை. கைவசம் இருந்தது மனு மட்டுந்தான். அப்படி ஒரு காலத்தைக் கடந்து வந்தவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு, உங்கள் உறுப்பினர் அமைச்சரிடம் கோரிக்கை வைப்பார் என்று சொல்லிக்கொடுப்பது எனக்கு வலிக்கிறது. வாக்கு திரும்பி வந்ததன் பயன்களில் ஒன்று, மனுவை விட்டு வினாவுக்கு வந்தது.

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகப் பிரித்திருக்கிறார்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. சாதாரண தரத்தில் தமிழ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைக்காரரிடம் "பருப்பு இருக்கிறதா?" என்று கேட்பது கொளல் வினா, வாங்கிக்கொள்வதற்காகக் கேட்பது. கோரிக்கை என்று எழுதுகிறவர் உறுப்பினரைக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார். வெளித்தோற்றத்தில் சபை வினா அறியா வினா, தகவல் பெறக் கேட்பது. ஆனால் கேட்கிற உறுப்பினருக்கு விடை பல வேளைகளில் ஏற்கனவே தெரியும். அமைச்சர் வாயாலோ கையெழுத்தாலோ அது பதிவாக வேண்டும் என்றுதான் கேட்பார். அப்போது அது அறிவினா. செய்யாத வேலையைச் செய்யவைக்கக் கேட்டால் ஏவல் வினா. எப்படிப் பார்த்தாலும் கொளல் வினாவுக்கு இங்கே இடம் குறைவு.

விடையையும் அவர் எட்டாகப் பிரித்தார். சுட்டு, மறை, நேர் மூன்றும் நேரடியானவை. மற்ற ஐந்தும் சுற்றி வருபவை, அவற்றில் ஒன்று இனமொழி விடை: "ஆடுவாயா?" என்றால் "பாடுவேன்" என்பது. காணி உறுதி எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்க, வீடு எத்தனை கட்டினோம் என்று சொன்னால் அது இனமொழி விடை. இப்படிப் பெயர் சொல்லிக் காட்டினால் வகுப்பில் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

வினாவின் வடிவத்தையும் அன்று பலகையில் எழுதிக் காட்டினேன். காணி அமைச்சருக்கு என்று வைத்துக்கொள்வோம்:

"(அ) நுவரெலியா மாவட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதி பெற்ற தோட்டக் குடும்பங்களின் எண்ணிக்கை யாதென்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?

(ஆ) இன்றேல், ஏன்?"

இது நானாக எழுதிய உதாரணம். ஆனால் "இச்சபைக்கு அறிவிப்பாரா? இன்றேல், ஏன்?" என்பது ஹன்சாட்டில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற வாய்பாடு. யார் முதலில் அப்படித் தமிழாக்கினார்களோ, அவர்களுக்கு நன்றி. சொல்லாவிட்டால், சொல்லாததற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது இரண்டே சொல்லில் அடங்கிவிட்டது. எந்த மனுவின் அடியிலாவது "இன்றேல், ஏன்?" என்று எழுத முடியுமா? மனு "தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்றுதான் முடியும். கோரிக்கைக்கும் வினாவுக்கும் உள்ள தூரம் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது.

அந்தப் பிரசுரம் இன்னொன்றையும் கெடுத்திருந்தது. "விளக்கம் பெறலாம்" என்கிறது. தோட்டத்தில் விளக்கம் கேட்பது யார்? நிருவாகம். வேலைக்கு வராத தொழிலாளிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். இங்கே உறுப்பினர் அமைச்சரிடம் பெறுவது விடை. அமைச்சர் செய்வது விடையிறுத்தல். இறுத்தல் என்றால் விடை சொல்வது. வரி செலுத்துவதும் இறுத்தல்தான், கடனை இறுத்தல் என்றும் சொல்வோம். விடை என்பது செலுத்தித் தீர்க்க வேண்டிய ஒன்று என்று அந்தப் பழைய சொல்லே சொல்லிவிடுகிறது. பொறுப்புக்கூறல் என்று இப்போது எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். நல்ல சொல்தான், போர்க்கால விசாரணைகளைப் பற்றிய பேச்சில் அது நிலைத்தும்விட்டது. சட்டத் தமிழில் வகைசொல்லல் என்பார்கள். அமைச்சருக்கும் சபைக்கும் இடையே உள்ள உறவுக்கு மட்டும் விடையிறுக்கும் கடமை என்று எழுதுங்கள் என்பேன்.

மொழிபெயர்க்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் எழுதி 1987லிருந்து எத்தனை வருடம். பாராளுமன்றச் சொற்களுக்குப் புதிதாக எதையும் ஆக்க வேண்டிய தேவையே நமக்கு இல்லை, எல்லாம் மூன்று மொழியிலும் அச்சாகி அடுக்கடுக்காகக் கிடக்கிறது. ஒரு ஹன்சாட்டைத் திறந்து தலைப்பைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல், ஆங்கிலத் தாள் முதல்நாள் பின்னேரம் வந்தது, தமிழ் விடிவதற்குள் வேண்டும் என்று அவசரப்பட்டு எழுதுவதால்தான் வினா கோரிக்கையாகிறது. அவசரப்படுத்துகிறவர்கள் மீதும் குற்றம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

சரி, எப்படி எழுதலாம்? முழுப்பெயர்: எழுத்துமூல விடைக்கான வினா. மூலம் வடசொல் என்று நினைப்பவர்கள் எழுத்தில் விடை கேட்கும் வினா என்று எழுதட்டும், பொருள் மாறாது. தலைப்பில் இடம் போதாவிட்டால் எழுத்துவிடை வினா, அதன் இணையாக வாய்விடை வினா. உறுப்பினர் வினாவை "முன்வைத்தார்" அல்லது "கேட்டார்" எனலாம்; "கோரினார்" வேண்டாம்.

செய்தி எழுதுகிறவர்களுக்கு இன்னொரு விடயம். வினாவுக்குரிய நேரத்தில் அமைச்சர் எழுந்து இரண்டு வார கால அவகாசம் கேட்பார். ஹன்சாட்டில் அதன் கீழே, வினா மற்றொரு தினத்திற் சமர்ப்பிக்கக் கட்டளையிடப்பட்டது என்று பதிவாகும். அன்றைக்கு "அமைச்சர் பதிலளித்தார்" என்று எழுதாதீர்கள். "விடை இன்னும் வரவில்லை" என்று எழுதி, அந்த இரண்டு வாரம் முடிகிற திகதியையும் பக்கத்தில் போடுங்கள்.